குந்தா லாக் புக்கில் என் கையெழுத்து

1. அசல் கேட்ட ஒரே ஆள்

தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்களில் நான் குன்னூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் மெக்கானிக்காக இருந்தேன். அதற்கு முன்னால் ஒரு டீ ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். பச்சை இலைக்கு விலை இல்லாமல் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். முப்பத்தி நாலு வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக, கோயம்புத்தூர் போய் மூன்று மாதம் ஹார்டுவேர் கோர்ஸ் படித்தேன். முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் வாத்தியார் வந்துவிட்டார் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

கடையில் முதலாளி, நான், ஒரு பிஸ்கட் டப்பா. இந்த மூன்றில் டப்பாதான் முக்கியம். அதற்குள் ஒரே ஒரு சிடி இருந்தது. நாங்கள் விற்ற எல்லா கம்ப்யூட்டருக்கும் ஓ.எஸ். என்கிற அடிப்படை மென்பொருள் அதிலிருந்துதான் போகும். அதற்கான கீயை முதலாளி காலண்டருக்குப் பக்கத்தில் சுவரிலேயே மார்க்கரால் எழுதி வைத்திருந்தார். அந்த இருபத்தைந்து எழுத்தும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். என் கல்யாண நாள் சில வருஷம் மறந்துபோயிருக்கிறது, இது மறந்ததில்லை.

அப்போது மலையில் யாரும் லைசென்ஸ் கேட்டு வாங்கியதில்லை. சதாசிவம் சார் ஒருத்தர்தான் கேட்டார். குந்தா பக்கம் ஒரு பவர்ஹவுஸில் ஷிஃப்ட் ஆபரேட்டராக இருந்து அப்போதுதான் ரிட்டயர் ஆனவர். மஞ்சூரில் வீடு, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தேயிலை. அந்த வட்டாரத்துச் சிறு விவசாயிகள் சங்கத்துக்குச் செயலாளர். இலைக்கு நியாயமான விலை கேட்டு மனு மேல் மனு எழுதுவதுதான் ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு வேலை. கையால் எழுதி விரல் வீங்கிவிட்டதால் கம்ப்யூட்டர் வாங்க வந்தார்.

"லைசென்ஸ் உள்ளதுதானுங்களே?" என்றார்.

முதலாளி சுவர்க் காலண்டர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "அதுக்குத் தனி ரேட்டு ஆகுமுங்க சார்" என்று இழுத்தார்.

"ஆகட்டுங்க. பில்லோட வேணும்."

கோயம்புத்தூரிலிருந்து அசல் லைசென்ஸ் வந்து சேர்ந்தது. பளபளவென்று ஸ்டிக்கர், தனிப் பெட்டி, சின்னதாக ஒரு புத்தகம். நானும் முதலாளியும் மாறி மாறிக் கையில் வாங்கிப் பார்த்தோம். அதுவரை இரண்டு பேருமே அசலை நேரில் கண்டதில்லை.

2. ஃபார்மேட், மறுபடியும் ஃபார்மேட்

ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடைக்கு போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"ஏனுங்க, உங்க மெஷின் என்னைத் திருடன்ங்குதுங்க" என்றார் சதாசிவம் சார்.

நான் பஸ் பிடித்து மஞ்சூர் போனேன். திரை முழுக்கக் கறுப்பு. மூலையில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை: இந்தக் காப்பி அசல் அல்ல, நீங்கள் மோசடிக்கு ஆளாகியிருக்கலாம். குன்னூரில் எத்தனையோ வீட்டில், கடையில், ஸ்டுடியோவில் எங்கள் டப்பா சிடி வாயைத் திறக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பில் போட்டு வாங்கிய ஒரே ஓர் அசல் மட்டும் தன்னைத் திருட்டு என்கிறது.

கோர்ஸில் எங்களுக்கு உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். தெரியவில்லை என்றால் ஃபார்மேட் பண்ணு. பண்ணினேன். அசல் சிடியைப் போட்டு, தேதி நேரமெல்லாம் கேட்டதற்குச் சரியாகக் கொடுத்து, கீயை அடித்து முடித்தேன். எச்சரிக்கை போய்விட்டது.

அவர் வீட்டம்மா சரோஜாம்மா காபி கொண்டுவந்தார். நான் வாய் தவறி டீ கிடைக்குமா என்று கேட்டுவிட்டேன்.

"டீ வேணும்னா பின்னால செடியில நிக்குதுங்க. நீங்களே போய்ப் பறிச்சுப் போட்டுக் குடிச்சுக்கங்க. விலை ஏறுற வரைக்கும் இந்த ஊட்ல காப்பிதான்" என்றார். நான் காபியையே குடித்தேன்.

பத்து நாளில் மறுபடி போன், மறுபடி பஸ், மறுபடி ஃபார்மேட். எச்சரிக்கை போனது. நான் குன்னூர் வந்து சேர்ந்த நாலாம் நாள் திரும்பி வந்தது. அதற்கடுத்த வாரத்தில் மூன்று தடவை வந்ததாகச் சார் போனிலேயே நேரத்தோடு வாசித்தார். நான் குறித்துக்கொள்ளவில்லை. வயசான மனுஷன், ஏதோ புலம்புகிறார் என்று "சரிங்க சார், சரிங்க சார்" போட்டு வைத்துவிட்டேன்.

3. ஒரு கடிதத்தின் நகல்

அப்புறம் தபாலில் ஒரு கவர் வந்தது. முதலாளி பிரித்துப் படித்தார். படித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். காவல் நிலையத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல் அது. சதாசிவம் சார் எழுதியிருந்தது இவ்வளவுதான்: தன் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருள் அசல் அல்ல என்று அந்த மென்பொருளே சொல்கிறது, அறியாமல் குற்றம் செய்துவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது, வரும் திங்கட்கிழமை மெஷினையும் வாங்கிய கடையின் பில்லையும் நேரில் ஒப்படைக்கிறேன், கடையையும் விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாளி போன் போட்டுக் கெஞ்சிப் பார்த்தார். ஸ்பீக்கரில் சார் குரல் தெளிவாகக் கேட்டது.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லீங்க. நியாயம் கேட்டு மனு அடிக்கற மெஷினே திருட்டு மெஷின்னா, அந்த மனுவுக்கு என்னங்க மரியாதை? நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான் என்ன பதில் சொல்லட்டும்?"

போனை வைத்த முதலாளி முதலில் பார்த்தது சுவரை. மார்க்கரில் எழுதிய கீ. அப்புறம் பிஸ்கட் டப்பாவை. போலீஸ் கடைக்குள் வந்தால் சதாசிவம் சாரின் அசல் லைசென்ஸைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போவார்கள்.

"ஏப்பா பழனி, சனிக்கிழமை நீ போறே. அந்தக் கெரகம் புடிச்ச அசலைத் தூக்கிட்டு நம்ம சிடியைப் போட்டுரு. நம்முது என்னைக்காவது வாயைத் திறந்திருக்குதா?"

"அண்ணா, அவரு காசு குடுத்து அசல் வாங்கியிருக்காரு. அதை எடுத்துட்டு திருட்டைப் போடச் சொல்றீங்களே."

"அவருக்கு வேண்டியது மரியாதை. மெஷின் பேசாம இருந்தா மரியாதை. திங்கக்கிழமை அவரு டேசனுக்குப் போனாருன்னா செவ்வாக்கிழமை இந்தக் கடை இல்லை. நீயும் இல்லை. வேணும்னா போய் உம் பழைய ஃபேக்டரி திறக்குதான்னு கேட்டில உக்காந்து பாரு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. மூடிய ஃபேக்டரி கேட்டில் ஆறு மாதம் உட்கார்ந்து பார்த்தவன் நான். மறுபடி அங்கே போகிற தெம்பு எனக்கு இல்லை. டப்பாவைத் திறந்து சிடியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

4. லைன் வழியாக வருகிற ஆள்

சனிக்கிழமை காலை மஞ்சூரில் நல்ல பனிமூட்டம். சார் வாசலிலேயே நின்றிருந்தார். கையில் கடியாரம், கழுத்தில் மஃப்ளர். "பதினொண்ணு அஞ்சு" என்றார். வணக்கம் மாதிரி அதைச் சொன்னார்.

எச்சரிக்கை திரையில் நின்றுகொண்டிருந்தது. சரோஜாம்மா அதன் மேல் ஒரு டவலைப் போட்டு மூடி வைத்திருந்தார். வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கவலை. நான் டவலை எடுத்து மடித்து வைத்தேன்.

சார் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். குரலைத் தாழ்த்தினார். "ஒரு விசயம் கண்டுபிடிச்சிருக்கேனுங்க. இது தானா வர்றதில்லை. மனு குடுத்துட்டு வர்ற அன்னிக்குத்தான் வருது. குன்னூருக்குப் போய் மனு குடுத்தேன், ஊட்டுக்கு வந்து போட்டா எச்சரிக்கை. ஊட்டியில கலெக்டர் ஆபீஸ்ல குடுத்தேன், வந்து போட்டா எச்சரிக்கை. எவனோ ஒருத்தன் மேல இருந்து பண்றானுங்க."

"சார், உங்க கம்ப்யூட்டர்ல இன்டர்நெட்டே கெடையாதுங்களே. எப்படிப் பண்ணுவாங்க?"

அவர் சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டைக் காட்டினார். "லைன் வழியா வரலாமுங்க. எங்க காலத்துல ஒரு பவர்ஹவுஸ்ல இருந்து இன்னொண்ணுக்குப் பேசணும்னா தனி போன் வயரா இழுத்தோம்? கரண்டு போற ஹைடென்ஷன் லைன்லயே பேச்சையும் ஏத்தி அனுப்புவோம். கேரியர் போன்னு பேரு. பேச்சு போகும்னா இது வராதுங்களா?"

அவர் சொன்ன கேரியர் போன் நிஜம். பவர்ஹவுஸ்காரர்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு சந்தேகம் யாருக்கும் வந்திருக்காது. வாழ்நாள் முழுக்கக் கரண்ட் கம்பியில் குசலம் விசாரித்த மனுஷனுக்குத்தான் வரும்.

"அதனால இப்ப நான் உசார் ஆயிட்டேனுங்க. முன்னெல்லாம் வெளிய போனா மட்டும் மெயினை ஆஃப் பண்ணுவேன். ஆள் இல்லாத எடத்துல லைன் உசிரோட இருக்கக்கூடாது, அது எங்க வழக்கம். இப்ப மெஷின்ல வேலை இல்லாத நேரமெல்லாம் மெயினை ஆஃப் பண்ணிப் போடறேன். சிக்னல் உள்ள வரக்கூடாதில்லீங்களா? ஆனா எமகாதகனுங்க. அதுக்கப்புறம்தான் ஜாஸ்தியா வருது."

"இவரால நாலு நாளா எனக்கு மிக்ஸி ஓடலீங்க" என்று சமையலறையிலிருந்து சரோஜாம்மா குரல் வந்தது. "தேங்காச் சட்னிக்கு அம்மியில அரைக்கறேன். அந்தக் காலத்துல மாமியா ஊட்ல அரைச்சது."

சார் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "என்கிட்ட ஆதாரம் இருக்குதுங்க, எடுத்தாறேன்" என்று உள்ளே போனார்.

அவர் போனதும் நான் பையைத் திறந்தேன். சிடியை எடுத்தேன். டிரே பட்டனை அழுத்தினேன். டிரே வெளியே வந்து நின்றது. வீடு, வாடகை, பிள்ளைகளின் ஸ்கூல் எல்லாம் ஒரு வரிசையில் மனதில் வந்துபோயின. நான் சிடியை டிரேயில் வைக்கப் போகும்போது அவர் காலடிச் சத்தம் கேட்டது. டிரேயைத் தள்ளி மூடி, சிடியைப் பைக்குள் போட்டேன்.

அவர் கொண்டுவந்தது ஒரு பெரிய லாங் சைஸ் நோட்டு. பவர்ஹவுஸ் லாக் புக் மாதிரியே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். ரிட்டயர் ஆன மறுநாளிலிருந்து வீட்டுக்கு லாக் புக் எழுதுகிறாராம். வோல்டேஜ், மழை, தண்ணீர் டேங்க் லெவல், கேஸ் சிலிண்டர் மாற்றியது, எல்லாம் நேரத்தோடு இருந்தது. ஒரு கட்டத்தில் "சரோஜா கோபம்" என்றுகூட இருந்தது, 18.10 முதல் 20.45 வரை. கம்ப்யூட்டர் எச்சரிக்கை மட்டும் சிவப்பு மையில்.

நான் முதலில் மரியாதைக்காகத்தான் பார்த்தேன். இரண்டாவது பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. ஒவ்வொரு சிவப்பு வரிக்கும் மேலே நீல மையில் இதே இரண்டு வரி இருந்தது. மெயின் ஆஃப் 08.40. மெயின் ஆன் 14.10. கீழே சிவப்பில், எச்சரிக்கை 14.20. புரட்டிக்கொண்டே போனேன். மெயினை ஆஃப் செய்யாத நாட்களில் புதிதாகச் சிவப்பு வரியே இல்லை. ஒரு நாள் மட்டும் ஆஃப் செய்தும் எச்சரிக்கை வரவில்லை. அன்று ஃபியூஸ் மாற்ற இருபது நிமிஷம் மட்டும்தான் ஆஃப்.

மனு கொடுக்க அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறார். போகும்போது மெயினை ஆஃப் செய்கிறார். அவர் கவனித்தது உண்மைதான். குற்றவாளி என்று அவர் பிடித்த ஆள்தான் தப்பு.

"சார், திரையில கீழ மூலையில மணி எத்தனைன்னு காட்டுதுங்க?"

"அதை நான் பாக்கறதில்லீங்க. என் கடியாரம் இருக்கறப்ப அதை எதுக்குப் பாக்கறது?"

அவர் பார்க்காததைச் சொல்லிப் பயனில்லை. இரண்டு தடவை வந்து நானும் பார்க்கவில்லை. அந்த மூலையில் நள்ளிரவு தாண்டி முக்கால் மணி நேரம் என்று காட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் கிளிக் செய்தேன். தேதி பல வருஷம் பின்னால் போய் நின்றது. இந்த லைசென்ஸ் பிறப்பதற்கே முன்னால்.

தேதியைத் திருத்தி ரீஸ்டார்ட் செய்தேன். கறுப்புத் திரை போய்விட்டது. ஃபார்மேட் இல்லை, சிடி இல்லை. நான் முன்பு செய்த ஃபார்மேட்டுகள் ஏன் வேலை செய்தன என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஃபார்மேட்டின்போது அது தேதி கேட்டது, நான் கொடுத்தேன், அவ்வளவுதான் வைத்தியம். அதற்கு நாள் பூராவும் செலவு செய்து, சர்வீஸ் ரிப்போர்ட்டில் "முழுமையாகச் சரிசெய்யப்பட்டது" என்று வேறு எழுதியிருந்தேன்.

5. ஸ்க்ரூ டிரைவர் கோடு

கம்ப்யூட்டரை அணைத்தாலும் உள்ளே கடியாரம் ஓட வேண்டும். பிளக்கில் கரண்ட் இருந்தால் அதிலேயே ஓடிக்கொள்ளும். மெயினை ஆஃப் செய்துவிட்டால் மதர்போர்டில் இருக்கும் காசு சைஸ் பேட்டரிதான் அதை ஓட்ட வேண்டும். கேபினட்டைத் திறந்து டார்ச் அடித்தேன். அடித்த கையை உடனே எடுத்துவிட்டேன். பேட்டரியின் மேல் ஸ்க்ரூ டிரைவரால் கீறிய ஒரு கோடு இருந்தது.

அந்தக் கோடு நான் போட்டது. பழைய மதர்போர்டுகளிலிருந்து கழற்றிய பேட்டரிகளில் அடையாளத்துக்கு அப்படிக் கீறி வைப்பேன். விலை விழுந்த காலத்தில் கடையிலும் சிக்கனம். "புதுசு எதுக்குப்பா, ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்று முதலாளி சொன்னார், நான் மாட்டினேன்.

"என்னங்க கோளாறு?" என்றார் சார்.

"பேட்டரி வீக்குங்க."

அவர் அலமாரியிலிருந்து மல்டிமீட்டர் எடுத்து வந்தார். பவர்ஹவுஸில் பேட்டரி ரூம் பார்த்த ஆளிடம் பேட்டரியைப் பற்றிச் சமாளிக்க நினைத்தது என் புத்தி. மூன்று வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் முள் இரண்டேகாலில் படுத்துவிட்டது.

"மூணு மாசம் ஆகலீங்களே. புது பேட்டரி எப்படிங்க இப்படி எறங்கும்?"

பையில் சிடி. கையில் கோடு போட்ட பேட்டரி. கம்பெனியில் சரக்கே மட்டம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். ஆனால் எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"அது புதுசு இல்லீங்க சார். பழைய போர்டுல கழட்டினது. நான்தான் மாட்டினேன். லைசென்ஸ் அசல்தானுங்க. பேட்டரிதான் அசல் இல்லை."

அவர் பேட்டரியை வாங்கி அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். "அப்ப மெஷின் பொய் சொல்லலை" என்றார். "உள்ள ஒண்ணு சரியில்லைன்னு சொல்லுச்சு. எதுன்னு சொல்லத்தான் அதுக்குத் தெரியலை."

நானே மஞ்சூர் பஜாருக்கு இறங்கி, வாட்ச் ரிப்பேர் கடையில் புது பேட்டரி வாங்கி வந்து மாட்டினேன். மெயினை இரண்டரை மணி நேரம் ஆஃப் செய்து வைத்தோம். அதற்குள் சோறு போட்டார்கள். ஆன் செய்தபோது தேதி அப்படியே இருந்தது. சரோஜாம்மா அந்த நிமிஷமே மிக்ஸியைப் போட்டார்.

அவர் லாக் புக்கை என் முன்னால் வைத்துப் பேனாவைக் கொடுத்தார்.

"எங்க பவர்ஹவுஸ்ல ஆபரேட்டர் தப்பா ஒரு பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டான்னா, அவனே தன் கையால எழுதிக் கையெழுத்துப் போடோணும். எழுதினவனை யாரும் அப்புறம் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எழுதாதவனைத்தான் தேடுவாங்க. எழுதுங்க."

எழுதினேன். கோளாறு: கடியாரம் பின்னால் போனது. காரணம்: மெக்கானிக் பழைய பேட்டரி மாட்டியது. செய்தது: புது பேட்டரி. கையெழுத்து. பன்னிரண்டு வருஷம் ஃபேக்டரியில், மூன்று மாதம் கோர்ஸில், பத்து மாதம் கடையில் நான் ஒரு தடவைகூட என் தப்பை என் கையால் எழுதியதில்லை.

"போலீஸ் லெட்டருங்க சார்?" என்றேன். கிழித்துப்போடுவார் என்று நினைத்தேன்.

"திங்கக்கிழமை மெஷினோட சேத்துக் குடுக்கறதா இருந்தேனுங்க. ஆனா கிழிக்க மாட்டேனுங்க. ஃபைல்ல நம்பர் போட்டாச்சு." அதன் குறுக்கே 'ரத்து' என்று எழுதி, நேரம் போட்டு, திரும்ப அதே ஃபைலில் வைத்துக் கட்டினார். திங்கட்கிழமை அவர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. மனு அடித்துக்கொண்டு ஊட்டிக்குப் போனார்.

6. ரிஜிஸ்தர் தபால்

அடுத்த வாரம் கடைக்கு மஞ்சூரிலிருந்து ரிஜிஸ்தர் தபால் வந்தது. முதலாளி அதைப் பிரிக்கவில்லை. முதலில் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுபோய்ப் பக்கத்து மளிகைக் கடை அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தார். சுவரில் கீயின் மேல் ஒரு சாமி காலண்டரைத் தொங்கவிட்டார். அப்புறம்தான் என்னைப் பிரிக்கச் சொன்னார்.

லாக் புக் பக்கத்தின் ஜெராக்ஸ் இருந்தது, என் கையெழுத்தோடு. கூடவே ஒரு கடிதம். சங்கத்தில் இன்னும் மூன்று பேர் கம்ப்யூட்டர் வாங்க இருக்கிறார்கள். மூன்றும் அசல் லைசென்ஸோடு வேண்டும். பேட்டரியும் புதிதாக இருக்க வேண்டும். இதே மெக்கானிக்கை அனுப்பவும்.

"மூணு அசலு" என்று முதலாளி எண்ணிப் பார்த்தார். அப்புறம் முகம் சுருங்கியது. "பேட்டரியும் புதுசா கேக்கறாரேப்பா."

தேயிலை விலை அதற்குப் பிறகும் வெகுநாள் ஏறவில்லை. அவர் மனுவும் நிற்கவில்லை. நான் பின்னால் சொந்தமாகக் கடை வைத்து, இப்போது அதையும் பையனிடம் கொடுத்தாயிற்று. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. லைசென்ஸ் இல்லை என்று ஒரு மெஷின் கத்தினால் சிடியைத் தேடாதீர்கள். எப்போது கத்தியது, அதற்கு முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். கீழ் மூலையில் மணியைப் பாருங்கள். வாடிக்கையாளர் நேரத்தோடு வாசித்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று அந்த லாக் புக்கில் நான் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அவரிடமும் சொன்னதில்லை. சனிக்கிழமை காலை பதினொன்று இருபது. பையில் திருட்டு சிடி இருந்தது. டிரேயைத் திறந்தது நான். மூடியது அவர் காலடிச் சத்தம் கேட்டதால், வேறு காரணம் இல்லை. இப்போது எழுதிவிட்டேன். கையெழுத்து என்னுடையதுதான்.